பழைய டிராக்டர் கலப்பைக்குக் கப்பல் தகட்டில் கொழு வெட்டலாமா?

கேள்வி: சிங்கப்பூர் துவாஸில் கப்பல் தளத்தில் வெல்டராக இருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அப்பாவிடம் பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டரும் ஒன்பது கொத்துக் கலப்பையும் இருக்கின்றன. கலப்பையில் டாப் லிங்க் (டிராக்டரையும் கலப்பையையும் மேலே இணைக்கும் தண்டு) மாட்டும் சட்டம் வளைந்துவிட்டது. கொழு எல்லாம் தேய்ந்து குட்டையாகிவிட்டன. பொங்கல் லீவில் நானே செய்து மாட்டலாமா? கொழுவை இங்கேயே 12 மி.மீ. தகட்டில் வெட்டி எடுத்துப் போக நினைக்கிறேன்.

பதில்: சட்டத்தைத் தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. கொழுவைத் தகட்டில் வெட்டாதீர்கள். இரண்டும் இரும்புதான், ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு.

கப்பல் தகடு வெல்டிங்குக்காகவே செய்யப்பட்ட சாது இரும்பு. கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வளையும், உடையாது, அதுதான் அதன் குணம். உங்கள் ஊர்ச் செம்மண் சரளையில் அதைக் கொழுவாக மாட்டினால் சில ஏக்கர் ஓட்டுவதற்குள் நுனி மழுங்கிவிடும். மழுங்கிய கொழு மண்ணுக்குள் இறங்காது, டீசல்தான் இறங்கும். கொழுவுக்கு லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான் சரி. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். நம் ஊர் ஆசாரிகள் அரிவாள் அடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தானே?

இங்கேதான் வெல்டர்கள் வழுக்கி விழுவார்கள். கையில் ஹோல்டர் இருந்தால் எதையும் ஒட்டத் தோன்றும். ஸ்பிரிங் பட்டையை முன்சூடு இல்லாமல் வெல்டிங் அடித்தால் ஒட்டிய இடம் நன்றாகவே நிற்கும். அதற்குப் பக்கத்தில் வெந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகி, முதல் கல்லில் பட்டென்று போய்விடும். அதனால் கொழுவை போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். ஓட்டைகளைத் தோய்ச்சலுக்கு (காய்ச்சிய இரும்பை முக்கிக் கடினமாக்குவதற்கு) முன்பே போட்டுவிடுங்கள், பிறகு டிரில் பிட் ஏறாது. பட்டையைக் காய்ச்சி அடித்து வடிவம் வந்ததும், காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் கொஞ்சம் மேலே போகவிட்டு எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்த்தால் கீறல் விழலாம். அப்படியே மாட்டிவிடவும் கூடாது; மறுபடி இளஞ்சூடு காட்டி முறுக்கைக் குறைத்தால்தான் கல்லில் பட்டு உடையாமல் இருக்கும். இந்த வேலையை ஊர்ப் பட்டறை ஆசாரியிடம் விடுங்கள். அவர் கண்ணுக்குத் தெரியும் நிறம் உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

தேய்மானத்துக்குக் கடின ராடு (எளிதில் தேயாத பூச்சு தரும் வெல்டிங் ராடு) பூசுவதாக இருந்தால், அதுவும் வெல்டிங்தான் என்பதால் முன்சூடு காட்டி, ஒரு பக்கம் மட்டும் பூசுங்கள். பூசாத பக்கம் முதலில் தேய்ந்து, கூர் தானாகவே நிற்கும். இரண்டு பக்கமும் பூசினால் உளிக்குப் பதில் உலக்கைதான்.

இனி சட்டம். இது உங்கள் ராஜ்ஜியம், ஆனால் அளவு உங்கள் இஷ்டம் கிடையாது. உழும்போது மண் கலப்பையைப் பின்னால் இழுக்கிறது; கலப்பை, டிராக்டரின் இரண்டு கீழ்க் கைகளும் மாட்டும் கீழ்ப் பின்களை அச்சாக வைத்து முன்னால் கவிழப் பார்க்கிறது; அந்தத் தள்ளு டாப் லிங்க் வழியாக டிராக்டரின் முதுகில் இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கிக் கொடுக்கும். ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்த ஏற்பாடு இது. மாஸி ஃபெர்குசனில் அந்தப் பெயர் இருப்பதும் அவரால்தான். சட்டத்தின் உயரத்தை நீங்கள் பாதியாக்கினால், அதே ஆழத்துக்கு டாப் லிங்க்கில் விழும் தள்ளு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பழைய சட்டம் வளைந்ததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம், யாராவது முன்பே ‘ரிப்பேர்’ பார்த்திருந்தால்.

இந்த அளவு டிராக்டருக்கான பொது அளவுகள் இவை: கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின் வரை 460 மி.மீ., இரண்டு கீழ்ப் பின்களுக்கு இடையே 683 மி.மீ., கீழ்ப் பின் 22 மி.மீ. விட்டம், மேல் பின் 19 மி.மீ. உள்ளூரில் அடித்த கலப்பை கொஞ்சம் மாறியிருக்கலாம். அப்பாவையே டேப் வைத்து அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பின்னை ஒட்டி டேப் தெரிகிற மாதிரி போட்டோவோடு.

சட்டத்துக்கு நீங்கள் சொன்ன 12 மி.மீ. தகடு நன்றாகவே போதும். ஊரில் ராடு ஓவன் கிடையாது, மார்கழி ஈரம் வேறு. அதனால் ஈரம் ஆகாத 7018 ராடைத் தேடாமல் 6013 ராடில் அடியுங்கள். கலப்பையைக் கழற்றித் தரையில் வைத்து அடிக்க வேண்டும். டிராக்டரில் மாட்டியபடி அடித்தால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கலாம். ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய கலப்பைக்கு அடியில் கை, தலை எதுவும் போகக் கூடாது. பழைய டிராக்டரில் லிஃப்ட் சத்தமில்லாமல் இறங்கும்.

பின்னை மட்டும் தகட்டிலோ கம்பியிலோ செய்யாமல் கடையில் வாங்குங்கள். இன்னொன்று: டாப் லிங்க் கொக்கியில் கயிறு கட்டி எதையும் இழுக்கக் கூடாது. இழுவை உயரே போனால் முன் சக்கரம் தூக்கி டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். இதை அப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

தளத்தில் மிஞ்சிய தகட்டுத் துண்டைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். குப்பையில் கிடந்தாலும் அது கம்பெனிப் பொருள். நூறு ரூபாய் இரும்புக்காக ஒர்க் பெர்மிட்டைப் பணயம் வைப்பதா? லக்கேஜில் இரும்பைச் சுமப்பதும் வீண், தகடு திருச்சியிலேயே கிடைக்கும். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை தேக்கா போகும்போது ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் ஒரு வெர்னியரும் நல்ல டிரில் பிட்டுகளும் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டி, ஓட்டைகளைக் குறித்து, மடித்து எடுத்துப் போனால் ஊரில் பாதி நாள் மிச்சம்.

மாட்டியதும் முதலில் ஓரமாக, ஆழம் குறைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து நிறுத்தி ஒன்பது கொத்திலும் போல்ட்டை ஒரு முறை இறுக்குங்கள். புது போல்ட் தளர்ந்திருக்கலாம்.