பெய்தது 14, பதிவானது 15: வானிலைக் குறிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

எங்கள் மகள் சித்திரை முதல் நாள் தருமபுரியில் பிறந்தாள். அன்று சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ஓர் இணையதளத்தில் அந்த ஏப்ரல் 14க்கு மழை 0 என்று போட்டிருக்கிறார்கள். என் நினைவு தவறா, கணக்கு தவறா? (வாசகி, பாலக்கோடு)

உங்கள் நினைவைச் சந்தேகிக்கும் முன் அந்தப் பட்டியலில் 15ஆம் தேதிக்கான வரியைப் பாருங்கள். மழைக் கணக்கில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30க்கு மழைமானியை அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் விழுந்ததை அளந்த தேதியில் எழுதுவதுதான் இந்திய வானிலைத் துறையின் முறை. 14ஆம் தேதி மாலை 5 மணிக்குப் பெய்த மழை 15ஆம் தேதிக்கு நேரேதான் நிற்கும். நம் பக்கத்துக் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் இடி மின்னலோடு வருவது. அதனால் சித்திரை மழையில் பெரும்பங்கு ஏட்டில் ஒரு நாள் தள்ளியே இருக்கும்.

வெப்பத்துக்குக் கணக்கு வேறு. காலை 8.30 அறிக்கையில் வரும் அதிகபட்ச வெப்பம் நேற்றைய பகலுடையது, குறைந்தபட்ச வெப்பம் இன்று விடியற்காலையுடையது. ஒரே வரியில் இரண்டு நாள் கலந்திருப்பதைக் கவனிக்காமல் படியெடுப்பவர்கள் நிறையப் பேர். பழைய நாளிதழில் தேடினாலும் இதே சிக்கல்தான். 15ஆம் தேதி காலைப் பேப்பர் 14 இரவு அச்சானது. அதில் வரும் மழை அளவு 14 காலை 8.30 வரை பெய்தது. உங்கள் மகள் பிறந்த மாலையின் மழை 16ஆம் தேதி பேப்பரில்தான் வந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. எந்த ஊர், எந்தத் தேதி கேட்டாலும் உடனே எண் தரும் தளங்களில் பல, மழைமானியில் அளந்ததைத் தருவதில்லை. பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, வானிலையைக் கணிக்கும் கணினி நிரல் (‘மாதிரி’) கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்ட மதிப்புகளைத் தருகின்றன. அதிகம் பயன்படும் ஐரோப்பியத் தொகுப்பான ‘ஈ.ஆர்.ஏ.5’ 1940இலிருந்து இருக்கிறது. அதன் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் அகலம். இடிமழை மேகம் சில கிலோமீட்டருக்குள் பெய்து முடித்துவிடும். பெரிய கட்டத்தில் அது கரைந்துபோகும், அல்லது வராமலே போகும். சில தளங்கள் கிரீன்விச் நேரப்படி நாளைப் பிரிப்பதால் அவற்றின் நாள் நமக்குக் காலை 5.30க்குத் தொடங்குகிறது. வெப்பத்துக்கு இந்தத் தளங்களை ஓரளவு நம்பலாம். ஒரு குறிப்பிட்ட நாளின் மழைக்கு நம்பாதீர்கள்.

அளந்த எண்ணே வேண்டுமென்றால் புனேயில் இருக்கும் வானிலைத் துறையின் தேசியத் தரவு மையத்துக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். நிலையத்தின் பெயர், வேண்டிய விவரம் (தினசரி மழை, அதிகபட்சம், குறைந்தபட்சம்), எந்தத் தேதியிலிருந்து எது வரை, எதற்காக என்ற நான்கையும் தெளிவாக எழுதுங்கள். 14 மட்டும் கேட்காமல் 13 முதல் 16 வரை கேளுங்கள். மழை மட்டும் போதும் என்றால் தாலுகா வாரியான தினசரி மழைக் கணக்கு மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கும். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று தனித்தனி மழைமானி உண்டு. நீங்கள் அன்று நின்றிருந்த இடத்துக்கு எது பக்கமோ அதைக் கேளுங்கள்.

செல்போன் 41 டிகிரி காட்டுகிறது, மாடியில் மாட்டிய வெப்பமானி 44 காட்டுகிறது, செய்தியில் 38 என்கிறார்கள். எது உண்மை? (தருமபுரி)

மூன்றும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. செல்போனில் வருவது பெரும்பாலும் மேலே சொன்ன கணினி மாதிரியின் கணக்கு. சில சமயம் ஈரப்பதத்தையும் சேர்த்து ‘உணரும் வெப்பம்’ என்று காட்டும். மாடியில் இருப்பது சூடேறிய கான்கிரீட்டையும் சுவரையும் சேர்த்து அளக்கிறது. வானிலை நிலையத்தில் அளப்பது நிழலில் இருக்கும் காற்றின் வெப்பம். தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், வெள்ளை வர்ணம் பூசிய மரப்பெட்டி, நான்கு பக்கமும் காற்று புகச் சாய்வுச் சட்டங்கள், வடக்குப் பார்த்த கதவு. கதவைத் திறக்கும்போது வெயில் பாதரசக் குமிழில் படக்கூடாது என்பதற்குத்தான் அந்த வடக்கு.

பாதரச வகை அதிகபட்ச வெப்பமானியில், குமிழுக்கு அருகே குழாய் சுருங்கியிருக்கும். ஏறிய பாதரசம் தானாக இறங்காது. படித்த பிறகு உதறி இறக்க வேண்டும். உதற மறந்தால் மறுநாள் மழை பெய்து குளிர்ந்திருந்தாலும் முந்தின நாள் உச்சமே நிற்கும். பழைய ஏட்டில் நல்ல மழை பெய்த நாளுக்கும் அதன் முந்தின நாளுக்கும் அதிகபட்சம் புள்ளிவரை ஒன்றாக இருந்தால், இந்தத் தவறா என்று பார்ப்பது நல்லது.

பத்திரிகைகள் ‘வெயில் சதம் அடித்தது’ என்பது ஃபாரன்ஹீட்டில். 100 டிகிரி என்பது 37.8 செல்சியஸ். சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க 40 செல்சியஸைத் தொட்டால் மட்டும் போதாது, பொதுவாக இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

ஓசூருக்கும் தருமபுரிக்கும் ஏப்ரலில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உயரம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், தருமபுரி அதில் ஏறக்குறையப் பாதிதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் இரண்டு ஊருக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் வருவது இயல்பு. சூரியன் இரண்டுக்கும் ஒன்றுதான். ஏப்ரல் 22ஐ ஒட்டித் தருமபுரியில் பகல் 12.15 மணியளவில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நட்டமாக நிறுத்திய கம்பிக்கு நிழலே விழாது. கிருஷ்ணகிரியில் இது ஓரிரு நாள் கழித்து.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். தாலுகாவில் மழை என்கிறார்கள், தோப்பில் ஒரு சொட்டு இல்லை. நானே கணக்கு வைக்க என்ன செய்ய வேண்டும்?

அவசியம் வையுங்கள். கோடை மழை தோப்புக்குத் தோப்பு மாறும். பெங்களூரா ரக மா காய்த்து நிற்கும் சமயத்தில் உங்கள் மரத்தடியில் என்ன விழுந்தது என்பது உங்கள் ஏட்டில் மட்டும்தான் இருக்கும்.

வாய் 16 செ.மீ. விட்டமுள்ள புனல் ஒன்று, அதன் கீழே பாட்டில், மி.லி. கோடு போட்ட அளவுக் குவளை, இவ்வளவு போதும். 16 செ.மீ. வாயின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. என்பதால் 20 மி.லி. தண்ணீர் என்றால் 1 மி.மீ. மழை. பாட்டிலில் 250 மி.லி. இருந்தால் 12.5 மி.மீ. வேறு அளவுப் புனல் என்றால் மி.லி.யைப் பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். பாட்டில் 2 லிட்டராவது பிடிக்கட்டும். அதுவே 100 மி.மீ.தான்.

புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டமாக இருக்க வேண்டும். உயர்த்தி வைத்தால் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். மாந்தோப்பில் இதுதான் கஷ்டம், களத்துமேடு போல வெட்டவெளி தேட வேண்டியிருக்கும். மொட்டை மாடி சரிப்படாது.

தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். மதியம் வரை விட்டால் சித்திரை வெயிலில் கொஞ்சம் ஆவியாகிவிடும். குவளையைச் சமதளத்தில் வைத்து, தண்ணீரின் குழிந்த அடிவிளிம்பைக் கண் மட்டத்தில் பாருங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. தூறி, அளக்க முடியாமல் போனால் ‘தூறல்’ என்று எழுதுங்கள், 0 போடாதீர்கள்.

மாம்பூவும் சருகும் புனலை அடைக்கும். வாரம் ஒருமுறை கழுவுங்கள். ஆலங்கட்டி விழுந்து புனலில் நின்றால் அள்ளிக் கொட்டிவிட வேண்டாம். 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரை அளந்து ஊற்றிக் கரைத்து, மொத்தத்தில் 100ஐக் கழியுங்கள். மழை தொடங்கிய நேரம், நின்ற நேரம், காற்று வந்த திசை, கட்டி விழுந்தால் அதன் அளவு (மிளகா, கோலிக்குண்டா) எல்லாவற்றையும் பக்கத்தில் குறியுங்கள். 25 மி.மீ. மழை ஏக்கருக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர். அடுத்த பாசனத்தைத் தள்ளிப்போட இந்த ஒரு எண்ணே உதவும்.

ஏப்ரல் 20 அன்று கிரகப்பிரவேசம். அந்தத் தேதியின் ‘சராசரி மழை’ 2 மி.மீ. என்றால் தூறல்தானே? (பர்கூர்)

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. 30 ஆண்டில் 27 ஆண்டு மழையே இல்லாமல், மூன்று ஆண்டு 20 மி.மீ. வீதம் பெய்திருந்தாலும் சராசரி 2 மி.மீ.தான். அந்த 2 மி.மீ. மழை ஒரு வருடம்கூடப் பெய்திருக்காது. 18 முதல் 22 வரை ஐந்து நாளையும் எடுத்து, 30 ஆண்டில் எத்தனை நாள் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்தது என்று எண்ணுங்கள். வானிலைத் துறை மழைநாள் என்று சொல்வது அந்த அளவைத்தான். 21ஆம் தேதி வரியில் இருப்பது 20 மாலையின் மழையாகவும் இருக்கலாம். பந்தலுக்குத் தார்ப்பாய் கட்டச் சொல்லிவிடுங்கள், விருந்தைப் பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியின் பழைய பதிவுகளை எங்கே தேடுவது?

மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. அதற்கு முன்புள்ளவை தருமபுரியின் கீழும், 1965 அக்டோபருக்கு முன்புள்ளவை சேலத்தின் கீழும் இருக்கும். பழைய ஏடுகளில் மழை அங்குலத்திலும் சென்ட்டிலும், வெப்பம் ஃபாரன்ஹீட்டிலும் எழுதியிருப்பார்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. ‘1.08’ என்று கண்டால் அது ஓர் அங்குலம் எட்டு சென்ட், 27.4 மி.மீ. மாற்றி எழுதும்போது மூல எண்ணை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள்.