ட்யூனர் சிவப்பு காட்டினால் அபஸ்வரமா?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி நாட்களில் விட்டுப்போன கர்நாடகப் பாட்டை இரண்டு வருடமாக மறுபடி கற்கிறேன். வர்ணங்கள் என்ற பயிற்சிப் பாடல்கள் முடிந்து கீர்த்தனைகள் நடக்கின்றன. பாடுவதைப் பதிவு செய்து கேட்கச் சொன்னார் எங்கள் டீச்சர். கேட்டால் யாரோ மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கிறது, உடனே அழித்துவிடுகிறேன். ஸ்ருதி சரியா என்று காட்டும் ட்யூனர் ஆப்பில் பார்த்தால் தோடி ராகம் முழுக்கச் சிவப்பு. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் குரல் விஷயத்தை முடித்துவிடலாம். பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நமக்குக் கேட்பதில்லை. மண்டை எலும்பின் அதிர்வாகவும் உள்காதுக்குப் போகிறது. அந்த வழியில் கீழ் ஒலிகள் தூக்கலாகச் சேர்வதால் குரல் கனமாகத் தெரியும். போனில் அந்தக் கனம் இல்லை. மெலிந்து, கீச்சென்று கேட்கிறது. எல்லோருக்கும் இப்படித்தான். நாலு நாள் விடாமல் கேட்டால் பழகிவிடும்.

போன் ஒரு சாட்சி. எதற்குச் சாட்சி என்பதில்தான் விஷயம். குரலின் வளத்தைப் பற்றி அது சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்), மூச்சு, உச்சரிப்பு மூன்றிலும் அது பொய் சொல்லாது.

அடுத்து ட்யூனர். தோடியில் சிவப்பு வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்! தோடியின் காந்தாரம் ('க') ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரமா என்ன? ரிஷபத்துக்கும் ('ரி') மத்யமத்துக்கும் ('ம') நடுவே அசைந்துகொண்டே இருப்பது அது. ஆப் தேடுவதோ அசையாத ஒரு புள்ளியை. அதோடு, பெரும்பாலான ட்யூனர்கள் கீபோர்டு கணக்கில் ஓடுகின்றன. தம்புராவின் ஸட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் (காந்தாரத்தின் மேல் வகை), கீபோர்டு காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கும் (கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்). இந்தக் காந்தாரம் வரும் மோகன ராகத்தில் அதைத் தம்புராவோடு கச்சிதமாகச் சேர்த்து நிறுத்தினால் ஆப் 'குறைவு' என்று சொல்லும். அதைத் திருப்திப்படுத்தப் போனால் ஸ்ருதியைவிட ஏற்றிப் பாடுவீர்கள். நீட்டி நிறுத்தும் ஸட்ஜத்துக்கும் ('ஸ') பஞ்சமத்துக்கும் ('ப') வேண்டுமானால் பாருங்கள். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான். அதற்கும் உங்கள் ஸ்ருதிப்பெட்டியும் ஆப்பும் ஒரே ஸட்ஜத்தில் இருக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் காதும் தம்புராவும் போதும்.

அதனால் பதிவில் தம்புரா கேட்டே ஆக வேண்டும். இங்கேதான் பல போன்கள் காலை வாருகின்றன. இரைச்சலை நீக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால், விடாமல் ஒலிக்கும் தம்புராவையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். செட்டிங்கில் தேடி அதை அணைத்துவிடுங்கள். போன் உங்களிடமிருந்து மூன்று நான்கு அடி தள்ளி இருக்கட்டும். ஸ்ருதிப்பெட்டி போனுக்குச் சற்றுப் பக்கத்தில். பதிவு செய்கிற போனிலேயே தம்புரா ஆப்பைப் போடாதீர்கள்.

என்ன பதிவு செய்வது? முழுப் பாட்டு வேண்டாம். தெரிந்த ஒரு ஆதி தாள வர்ணம் எடுங்கள். அன்றே கேட்காமல், மறுநாள் கையில் தாளம் போட்டபடி கேளுங்கள். பல்லவியின் முதல் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்சில் பாருங்கள்; அதேபோல முக்தாயி ஸ்வரத்தில் (சரணத்துக்கு முன் வரும் ஸ்வரப் பகுதி) ஒன்று, சரணத்தில் ஒன்று. தொடக்கத்தில் 8 வினாடி இருந்தது முக்தாயி ஸ்வரத்தில் 7 ஆகியிருந்தால் ஓடியிருக்கிறீர்கள். இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) பாடிவிட்டு முதல் காலத்துக்குத் திரும்பும் இடத்தையும் விடாதீர்கள். பழைய நடைக்கு வந்துவிட்டதாகத்தான் பாடும்போது தோன்றும்; கை வேறு கதை சொல்லும்.

இன்னொரு நாள் கீர்த்தனை. அன்றைக்குத் தாளத்தை மறந்துவிட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள். 'கருணை' என்ற சொல்லில் 'கரு'வுக்கு ஒரு மூச்சு, 'ணை'க்கு ஒரு மூச்சு என்று வெட்டுவது பாடுகிறவருக்குத் தெரியவே தெரியாது, கேட்கிறவர் நெளிவார். வேக சங்கதிகளில் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்கள்) அகாரம், அதாவது 'ஆ' என்று இழுப்பது, 'ஆஹாஹா' ஆகிறதா, வரி முடியும்போது மூச்சுத் தீர்ந்து ஸ்ருதி இறங்குகிறதா என்பதும் அப்படித்தான். ஒரு தடவைக்கு ஒரு விஷயம்தான். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் கடைசியில் 'நன்றாக இல்லை' என்பது ஒன்றுதான் மிஞ்சும், அதை வைத்துக்கொண்டு சாதகம் செய்ய முடியாது.

அழிக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். மாதம் ஒரு பதிவையாவது தேதி போட்டு வையுங்கள். அதே வர்ணத்தை ஆறு மாதம் கழித்துப் பாடிப் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.

மைக் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் சுமாரான ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். போன் ஸ்பீக்கரில் தம்புராவின் கீழ் ஒலி வராது. ஸ்ருதி விலகினாலும் பிடிபடாது. வகுப்புக்குப் போகும்போது முழுப் பதிவையும் டீச்சருக்கு அனுப்பி வைக்காதீர்கள், பாவம். சந்தேகமான ஒரே ஒரு சங்கதியை அரை நிமிடம் போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் என்ன செய்கிறேன்?' என்று கேளுங்கள்.