டோக்கனைத் தரகரிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: மருத்துவமனைகளுக்கான படுக்கை விரிப்பு, தலையணை உறை தைக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். அரசு ஆர்டர் பிடிக்க எங்களை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது? பதிவு, அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளத்தில் கணக்கு, அதிகாரிகள் அறிமுகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே முடித்துவிடலாம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் தளங்கள் உண்டு. முகவரியைப் பார்த்து நுழையுங்கள்.

அடுத்து அந்தத் தரகர் கேட்கப்போவது டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அதாவது இணையவழி டெண்டரில் உங்கள் கையெழுத்தாகச் செல்லும் கருவி. பென் டிரைவ் அளவில் இருக்கும். "கடவுச்சொல்லோடு என்னிடமே இருக்கட்டும்" என்பார். தரவே தராதீர்கள். அது கையில் இருந்தால் உங்கள் பெயரில் எந்த விலையும் போடலாம். வேறொருவரை ஜெயிக்க வைக்க உங்களை ஒப்புக்கு நிறுத்தலாம். மாட்டினால் கறுப்புப் பட்டியலில் ஏறுவது உங்கள் நிறுவனம்தான்.

அரசிடம் விளம்பரம் என்பது ஜெம் தளத்தில் உங்கள் பொருள் விவரம்தான். 'தரமான துணி' என்று எழுதினால் யாரும் சீண்டமாட்டார்கள். நீளம், அகலம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், நூல் எண்ணிக்கை, சாயம் போகாததற்கான ஆய்வக அறிக்கை இவை இருக்கட்டும். முதலில் சிறிய ஆர்டர்களை எடுத்து, நேரத்துக்குக் கொடுத்து, நிறைவுச் சான்று வாங்குங்கள். அனுபவம் கேட்கும் டெண்டரில் பேசப்போவது அந்தக் காகிதம்.

சலுகை ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். 2012 கொள்முதல் கொள்கைப்படி, மத்திய அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் குறு, சிறு நிறுவனங்கள் முன்வைப்புத் தொகை (டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் பிணைப் பணம், EMD) கட்ட வேண்டாம். ஆனால் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது கிடையாது. நீங்கள் தைப்பவர், உங்களுக்கு உண்டு. உத்யம் சான்றிதழில் 'உற்பத்தி' என்று இருக்கிறதா? தரகர் அவசரத்தில் 'வர்த்தகம்' என்று நிரப்பியிருந்தால், கூடத்தில் எத்தனை தையல் இயந்திரம் ஓடினாலும் சலுகை கிடைக்காது. இன்றே எடுத்துப் பாருங்கள். ஆர்டர் கிடைத்தபின், ஒப்பந்தப்படி முடித்துத் தருவதற்கு உறுதியாகக் கேட்கப்படும் செயல்திறன் பிணைத்தொகை வேறு. அதற்கு இந்த விலக்கு பொருந்தாது. அந்தப் பணத்தை ஒதுக்கிவைத்துவிட்டு விலை போடுங்கள்.

இனி பணம் வருவது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுக்கான 2006 சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. எழுத்தில் இருக்கிறது. ஆனால் பில் மேசை மேசையாக உட்கார்ந்திருக்கும். கடன் வாங்கித் துணி எடுத்தவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். சட்டத்தை மதிக்க வேண்டிய அலுவலகமே இப்படி நடப்பதை ஏற்க முடியாது. தாமதமானால், இதற்காகவே உள்ள மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் அமைச்சகத் தளத்தில் புகார் பதியத் தயங்காதீர்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். சரக்கு இறக்கும் அன்றே தேதி, கையெழுத்து, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், சரக்கு சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும்.