பழைய பெட்ரோல் டிராக்டரில் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. புது பேட்டரி போட்டும் பலனில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கேள்வியில் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள்: வேறு வண்டியில் கட்டி இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது; சில நாள் சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது. இழுத்தால் ஓடுகிறது என்றால் எஞ்சினும் பெட்ரோலும் ஏறக்குறைய சரி. கரண்ட்தான் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டால், வீணாக ஒரு பாகமும் வாங்க வேண்டியிருக்காது.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். பட்டனை அழுத்தியும் சத்தமே இல்லை என்றால் பட்டன், அதற்குப் போகும் ஒயர், நியூட்ரல் சுவிட்ச் (கியரில் இருந்தால் செல்ஃப் எடுக்கவிடாதது) இவற்றில் ஒன்று. (ஃபெர்குசன் டிஇ20 போன்றவற்றில் கியர் கம்பியைத் தள்ளினால்தான் செல்ஃப் எடுக்கும், அங்கே தேய்மானம் இருக்கலாம்.) ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தால் பேட்டரி பலவீனம் அல்லது இணைப்பு லூஸ். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) உள்ளே இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் கிடைக்கவில்லை, இல்லையென்றால் மோட்டாரே இறுகியிருக்கிறது.

சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது என்று திருப்தி அடைய வேண்டாம். லோடு இல்லாதபோது, ஒரே ஒரு செப்பு இழையில் தொங்கும் கேபிள்கூட முழு வோல்ட்டைக் காட்டும். செல்ஃப் இழுக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி காயிலுக்கு (பிளக்கில் பொறி உண்டாக்கும் சுருள்) போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் போட்டு, பட்டனை ஒருவர் அழுத்த நீங்கள் மீட்டரைப் பிடியுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் அல்லாத (வண்டியின் இரும்பு உடலோடு இணையாத) ஈயக் குமிழ் மேலேயே இருக்கட்டும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேல் அல்ல. மறுமுனை செல்ஃப் மோட்டாரின் டெர்மினலில். 12 வோல்ட் வண்டியில் இங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு. அடுத்து, பேட்டரியின் எர்த் குமிழுக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் நடுவே அதே சோதனை. இங்கே 0.2 வோல்ட் தாண்டக் கூடாது. 6 வோல்ட் வண்டி என்றால் இரண்டு அளவிலும் பாதி.

என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது எர்த் பக்கம்தான். அதிலும் டிராக்டரைப் பளபளவென்று பெயிண்ட் அடித்துப் புதுப்பித்தவர்களிடம் இந்தக் கோளாறு கூடுதல். எர்த் கேபிளைப் பெயிண்ட் மேலேயே வைத்து முடுக்கியிருப்பார்கள். அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். கேபிள் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். ரப்பருக்கு உள்ளே செம்பில் களிம்பு ஏறியிருந்தால் கேபிளையே மாற்றுவது நல்லது. செல்ஃபைச் சில விநாடி இழுத்த பிறகு எந்த இணைப்பு சூடாக இருக்கிறதோ, குற்றவாளி அதுதான்.

6 வோல்ட் வண்டி என்றால் கேபிள் தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் இழுக்கும் வேலைக்கு 6 வோல்ட்டில் 200 ஆம்பியர் வேண்டும். இணைப்பில் 0.005 ஓம் தடை இருந்தால் அங்கே 12-ல் அரை வோல்ட்தான் போகும். இங்கே 6-ல் ஒரு முழு வோல்ட் போய்விடும். கடையில் தயாராகக் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளைப் போட்டுவிட்டு மோட்டாரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

கேபிளெல்லாம் சரியாக இருந்து, மோட்டார் டெர்மினலில் நல்ல வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் அப்போது மோட்டாரைக் கழற்றலாம். கார்பன் பிரஷ், புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்மானம் இரண்டையும் பாருங்கள். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) பக்கவாட்டில் உரசும்.

வேறு வண்டியில் கட்டி இழுத்தால் மட்டும் ஸ்டார்ட் ஆவதற்கும் இந்த வோல்ட் இழப்பே காரணமாக இருக்கலாம். செல்ஃப் இழுக்கும்போது வோல்ட் விழுந்துவிட்டால் காயிலுக்கு மிச்சம் கிடைப்பதில்லை, பிளக்கில் பொறி மங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொலினாய்டு டெர்மினல்களில் ஸ்க்ரூடிரைவர் வைத்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். அது நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிப் போகும் வழி. கியரில் இருந்தால் வண்டி அப்படியே ஆள் மேல் ஏறும். இப்படி உயிர் போனவர்கள் உண்டு.

பேட்டரி இறங்குவது தனிக் கதை. எஞ்சினை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைத்து, பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றி, நடுவே ஒரு சிறிய பல்பைத் தொடராக இணையுங்கள். டைனமோ வண்டியில் இரவெல்லாம் கரண்ட் தின்னும் பொருள் எதுவும் கிடையாது, பல்பு கொஞ்சம்கூட எரியக் கூடாது. எரிந்தால் டைனமோவின் பெரிய ஒயரைக் கழற்றுங்கள். உடனே அணைந்துவிட்டால் கட்-அவுட்டின் (எஞ்சின் நின்றதும் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரிக்கும் சுவிட்ச்) பாயிண்ட்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி டைனமோ வழியாக வடிகிறது.

அப்புறம், புது பேட்டரியைச் சரியான பக்கம்தான் மாட்டினீர்களா? 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் போல அந்தக் காலத்து டிராக்டர்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றி மாட்டினாலும் செல்ஃப் மோட்டார் அதே திசையில்தான் சுற்றும், ஏனென்றால் ஃபீல்டு (ஆர்மேச்சரைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்), ஆர்மேச்சர் இரண்டிலும் கரண்ட் சேர்ந்தே திரும்பிவிடுகிறது. அதனால் தப்பு தெரியாது. ஆனால் அம்மீட்டர் தலைகீழாகக் காட்டும், கட்-அவுட் பாயிண்ட்கள் கருகும்.

6 வோல்ட் வண்டியை ‘12 வோல்ட்டுக்கு மாற்றிவிடு’ என்று பலர் சொல்வார்கள். பழுதான எர்த்தை வைத்துக்கொண்டு மாற்றினால் கோளாறு மறைந்துதான் இருக்கும், போகாது. எல்லாம் சரிபார்த்த பிறகும் மாற்ற ஆசை என்றால் காயிலை மறக்காதீர்கள்: 12 வோல்ட் காயில் போடுங்கள், அல்லது பழைய காயிலுக்கு முன்னால் பொருத்தமான ரெசிஸ்டர் வையுங்கள். இல்லாவிட்டால் காயில் கொதிக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்களும் சீக்கிரம் எரிந்துபோகும்.