சிறுநீர் டெஸ்ட் நெகட்டிவ், தம்பிக்கோ வலிப்பு: டெஸ்ட் தவறா?

'மூலிகைக் கலவை' என்ற பாக்கெட்டைப் புகைத்த தம்பிக்கு வலிப்பு வந்தது, கஞ்சாவுக்கான சிறுநீர் டெஸ்டோ நெகட்டிவ் என்கிறீர்கள். டெஸ்ட் தவறவில்லை. அது தேடிய பொருள் வேறு, உங்கள் தம்பி புகைத்தது வேறு. நெகட்டிவ் என்பதால் அவர் எதுவும் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது.

கஞ்சாவுக்கான சிறுநீர் ஸ்ட்ரிப், டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) உடலில் சிதைந்து உண்டாகும் பொருளைத்தான் தேடும். நீங்கள் சொல்லும் 'மூலிகைக் கலவை' பாக்கெட்டில் பெரும்பாலும் காய்ந்த இலைமேல் தெளித்த செயற்கை கன்னாபினாய்டு, அதாவது டிஎச்சி போல வேலை செய்ய ஆய்வகத்தில் உருவாக்கிய ரசாயனம், இருக்கும். டிஎச்சி பிடிக்கும் அதே ஏற்பியைத்தான் (போதைப்பொருள் வந்து ஒட்டும் இடம்) இதுவும் மூளையில் பிடிக்கும். ஆனால் டிஎச்சி அதை அரைகுறையாகத் தூண்டும். இந்தச் செயற்கை வகைகளில் பல முழு வேகத்தில் தூண்டும். வலிப்பு, படபடப்பு, சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்புகூட வரும். தெளிப்பும் சீராக இருக்காது. ஒரே பாக்கெட்டில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது, அடுத்தது ஆளையே சாய்த்துவிடும்.

'சட்டப்படி விற்பது' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றி அடுத்ததை இறக்குவார்கள். ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் இப்படிப் பல வகைகளிலும் சேர்த்து 1,200க்கும் மேற்பட்ட புதுப் போதைப்பொருட்களைப் பதிவு செய்திருக்கிறது. துரத்தி அலுத்துத்தான் பிரிட்டன் 2016இல் ஒவ்வொன்றாக இல்லாமல் இப்படிப்பட்ட போதைப்பொருட்களுக்கு மொத்தமாகவே தடைச் சட்டம் போட்டது.

இப்போது செய்ய வேண்டியது:

1. மிச்சப் பாக்கெட்டை எறியாமல் அப்படியே மருத்துவரிடம் கொடுங்கள்.
2. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மூலக்கூறின் எடையை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ஆய்வக முறை) பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். தாமதித்தால் தடயம் போய்விடும்.

அதுவும் ஆய்வகத்தின் பட்டியலில் உள்ளதை மட்டுமே கண்டுபிடிக்கும். மிகப் புதியது நழுவலாம். முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டாம். மீண்டும் வலிப்பு வந்தாலோ மூச்சு மந்தமானாலோ உடனே ஆம்புலன்ஸ்.