கான்கிரீட்டில் தண்ணீர் கூடினால் என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் வீட்டின் மாடிக்குத் தளம் போடும் நாள் நெருங்குகிறது. கீழ்த்தளத்துக்குப் போட்டபோது மேஸ்திரி, கலவை இயந்திரத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கண்மதிப்பாகவே தண்ணீர் சேர்த்தார். கேட்டதற்கு, “தண்ணீர் குறைந்தால் கம்பிக்குள் கலவை இறங்காது” என்றார். நல்ல சிமெண்டாகத்தான் வாங்கித் தருகிறோம். தண்ணீர் சற்றுக் கூடினால் உண்மையிலேயே கெடுதலா?

பதில்: கெடுதல்தான். எவ்வளவு விலை கொடுத்துச் சிமெண்ட் வாங்கினாலும், மிகுதியாக ஊற்றும் தண்ணீர் அந்தப் பணத்தை வீணாக்கிவிடும். சிமெண்ட் இறுகும்போது வேதிவினையில் பிணைத்துக்கொள்ளும் நீர் அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான். கலவை இளகுவதற்காகக் கூடுதலாகச் சேர்க்கும் நீர் பின்னர் வற்றிப்போகும்போது, அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நின்றுவிடுகிறது. அதனால் வலிமை குறைவதோடு, அத்துளைகளின் வழியே மழைநீரும் காற்றும் கம்பியை எட்டித் துருப்பிடிக்கச் செய்கின்றன. தளத்தின் மேற்பரப்பில் சிமெண்ட் பால் மிதந்து, காய்ந்தபின் பெருக்கப் பெருக்கத் தூள் வருவதும் இதன் அடையாளமே.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 (2000) விதிப்படி, கம்பி கட்டிய கான்கிரீட்டில் நீரின் எடை சிமெண்டின் எடையில் 0.55 பங்கைத் தாண்டக் கூடாது. மிதமான பாதிப்புள்ள சூழலுக்கு 0.50, கடற்காற்று நேரடியாகப் படும் இடங்களுக்கு 0.45 என வரம்பு இறங்குகிறது. 50 கிலோ மூட்டைக்கு இவை முறையே 27.5, 25, 22.5 லிட்டர். மணலின் மேல் ஈரமும் இக்கணக்கில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் ஒரு மூட்டைக்குச் சேரும் மணல் ஏறத்தாழ 80 கிலோ. அதில் 5 சதவீத ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. மழை பெய்த மறுநாள் அந்த அளவைக் குறைத்தே ஊற்ற வேண்டும்.

மேஸ்திரியின் கவலையிலும் நியாயம் உண்டு. கலவை மிகவும் இறுகலாக இருந்தால் கம்பிகளுக்கிடையே இறங்காமல் தேன்கூடு போன்ற பொந்துகள் விழும். அதற்கு வழி, கலவையை அதிர்த்து இறக்கும் வைப்ரேட்டர் கருவியும், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவமும்தான்; திரவத்தை அதன் கலனில் அச்சிட்டுள்ள அளவுக்கு மேல் சேர்க்காதீர்கள். கம்பி நெருக்கமான தளத்துக்கும் பீமுக்கும் ஸ்லம்ப் 50 முதல் 100 மி.மீ. வரை இருந்தால் போதும். 300 மி.மீ. உயரக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு அமர்கிறது என்று அளப்பதே இச்சோதனை.

ஆகவே, தளம் போடும் முன்பே ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள்: மூட்டைக்கு இத்தனை லிட்டர் என்ற வரம்பு, அளவு குறித்த வாளியால் மட்டுமே ஊற்றுதல், 150 மி.மீ. கனசதுர மாதிரிகள் எடுத்து 7, 28 நாட்களில் சோதித்தல். பின்னாளில் தகராறு வந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், வாய்ப்பேச்சைவிட அந்தச் சோதனை அறிக்கைதான் உங்களுக்குத் துணை நிற்கும். ஆயத்தக் கலவை லாரியை வரவழைப்பதானால், வழியில் இறுகிவிட்டது என்று சொல்லித் வேலையிடத்தில் அக்கலவையில் தண்ணீர் ஊற்ற அனுமதிக்காதீர்கள்; நிறுவனத்தின் பொறியாளரை அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இந்தக் கண்டிப்பு கலவைக்கு மட்டுமே. தளம் இறுகியபின் சாதாரண சிமெண்டுக்கு 7 நாட்களும், எரிசாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாட்களும் குறையாமல், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.