மகள் வீட்டில் மூன்று மாதம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதுரையிலிருந்து டோக்கியோவுக்கு மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மே மாதம் வந்தேன், ஆகஸ்ட் நடுவில் திரும்ப வேண்டும். வயது 64. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஊரில் தினமும் விடியற்காலை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பேன். கூடவே நண்பர்கள், பேச்சு, முடிந்ததும் ஒரு காபி. இங்கே எல்லாம் நின்றுவிட்டது. நிஷி கசாய் என்ற பகுதியில் சின்ன ஃப்ளாட். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் நான் மட்டும்தான். வெளியே போனால் நாலு அடிக்கு ஒரு சிக்னல். பாஷை தெரியாது, யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று கூச்சம். ஜிம்மில் மாதச் சந்தா, இங்கே வசிப்பவர் என்பதற்கான அட்டை எல்லாம் கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயே வேகமாக நடந்து பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்கிறது என்று சொல்லி அனுப்பினார். இப்போது மழைக்காலம் வேறு. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. மூன்று மாதம்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ். ஐயா,

விட்டுவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு மூன்று மாதம் சின்னக் காலம் அல்ல. டாக்டர்கள் எடுக்கச் சொல்லும் ‘மூணு மாச சுகர்’ பரிசோதனை கணக்குப் பார்ப்பதே இந்தக் காலத்தைத்தான்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களுக்கு நின்றுபோனது நடை மட்டும் இல்லை, நடையோடு கூடிய மனிதர்களும்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் பெரியவர்கள் பலர் இப்படித்தான் சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சுருங்கிப்போகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் காட்சி. அதனால் சொல்கிறேன்: ஜிம்மை மறந்துவிடுங்கள். அந்த ஊரில் உங்கள் வயதுக்காரர்கள் எங்கே போய் உடம்பை அசைக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே போய் அவர்களோடு நில்லுங்கள். டோக்கியோவில் அதற்குக் குறைவே இல்லை.

முதலில் காலை ஆறரை மணி. ஜப்பானில் அந்த நேரத்துக்கு என்.எச்.கே. வானொலியில் ‘ராஜியோ தைசோ’ என்ற உடற்பயிற்சி நிகழ்ச்சி வரும். 1928 நவம்பரில் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனம் வானொலியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து, ஜப்பானின் அஞ்சலக ஆயுள் காப்பீட்டுத் துறை இதைக் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு நின்றுபோய், இப்போதுள்ள வடிவத்தில் 1951இல் மறுபடி வந்தது. பல தலைமுறைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடமான பயிற்சி அது. கட்டட வேலை செய்பவர்கள் வேலை தொடங்கும் முன் வரிசையாக நின்று செய்வதை நீங்களே பார்த்திருக்கலாம்.

என் தங்கை குடும்பம் உங்கள் பகுதியில் இருந்தபோது நானும் அங்கே தங்கியிருக்கிறேன். பக்கத்துப் பூங்காவில் ஒரு பெரியவர் சின்ன டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து மரக்கிளையில் மாட்டுவார். ஆறு இருபதுக்கு யாருமே இருக்க மாட்டார்கள். ஆறரைக்குப் பியானோ ஒலிக்கும்போது முப்பது பேர் ஒரு கை நீள இடைவெளி விட்டு நிற்பார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. முதல் பயிற்சி 13 அசைவுகள், சுமார் மூன்று நிமிடம்தான் ஆகும். கைகளை முன்னால் உயர்த்தி இறக்குவதில் தொடங்கி, பக்கவாட்டில் வளைவது, குனிந்து நிமிர்வது, சின்னச் சின்னக் குதிப்பு, கடைசியில் மூச்சு. எதிரில் நிற்பவரைப் பார்த்துச் செய்தாலே போதும், இரண்டாம் நாள் வந்துவிடும். குதிக்க முடியாதவர்கள் குதிகாலை மட்டும் தூக்குவார்கள், நாற்காலியில் உட்கார்ந்தே செய்பவர்களும் உண்டு. பாஷை தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான்: போனதும் தலையைத் தாழ்த்தி ‘ஒஹாயோ கொசாய்மஸ்’ என்று சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடும், ஆனால் நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்திருப்பீர்கள். அதன்பின் நடப்பது தானாக நடக்கும்.

ஜூலை 20ஐ ஒட்டிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் பிள்ளைகளும் வருவார்கள், கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். பயிற்சி முடிந்ததும் வரிசையில் நின்று அதில் முத்திரை வாங்கிக்கொள்வார்கள். பேரனோ பேத்தியோ இருந்தால் அழைத்துப் போங்கள். எந்தப் பூங்காவில் கூடுகிறார்கள் என்பதை மகள் வார்டு அலுவலகத்தில் கேட்டுச் சொல்லிவிடுவாள்.

அடுத்தது நடை. சிக்னல் தொல்லை தெருவில்தான், ஆற்றங்கரையில் இல்லை. வீட்டிலிருந்து மேற்கே போனால் அரக்காவா ஆறு வந்துவிடும். பார்த்தால் இயற்கையான ஆறு போலத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் பார்ப்பது மனிதர்கள் வெட்டிய வாய்க்கால். 1910இல் டோக்கியோவை வெள்ளம் அழித்தபின், 1911இல் தொடங்கி 1930 வரை, சுமார் 22 கிலோமீட்டருக்கு வெட்டினார்கள். பனாமா கால்வாயில் வேலை பார்த்த ஒரே ஜப்பானியப் பொறியாளரான அகிரா அவோயாமா இதிலும் முக்கியப் பங்காற்றியவர். அந்தக் கரையில் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், தூரம் தெரியாது. சைக்கிள்கள் வேகமாக வரும், ஓரமாகவே நடங்கள். நிழல் கிடையாது என்பது ஒரு குறை. ஆனால் ஜூனில் அங்கே நாலரைக்கே சூரியன் வந்துவிடும். தெப்பக்குளத்துக்கு எழுந்த அதே நேரத்தில் எழுந்தால் வெயில் ஏறும் முன் முடித்துவிடலாம். நிழல் வேண்டுமென்றால் தெற்கே கடலோரத்தில் கசாய் ரின்காய் பூங்கா இருக்கிறது. ராட்டினம் தூரத்திலிருந்தே தெரியும், 117 மீட்டர் உயரம்.

இன்னொன்றையும் அவசியம் பாருங்கள். உங்கள் எடோகாவா வார்டில்தான் ஃபுருகாவா என்ற நீரோடைப் பூங்கா இருக்கிறது. சாக்கடையாகிப்போயிருந்த பழைய வாய்க்காலைச் சுத்தம் செய்து, இரு பக்கமும் மரமும் நடைபாதையும் வைத்து 1973இல் திறந்தார்கள். ஜப்பானிலேயே அந்த மாதிரிப் பூங்காவில் அதுதான் முதலாவது. ஊருக்குள் சாக்கடையாகிப்போன கிருதுமால் நதியின் இன்றைய நிலை தெரிந்த மதுரைக்காரர் அந்த ஓடைக்கரையில் நடக்கும்போது மனம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நடங்கள்.

மழை நாளுக்கும் முழங்கால் வலிக்கும் சேர்த்து ஒரு இடம்: நிஷி கசாயிலேயே இருக்கும் வார்டு விளையாட்டு மையம். இப்படிப்பட்ட பொது மையங்களில் மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. வாசலில் உள்ள இயந்திரத்தில் சில நூறு யென் போட்டு அன்றைக்கு மட்டும் சீட்டு எடுத்துக்கொள்ளலாம். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பொதுக் குளங்களில் தண்ணீருக்குள் நடப்பதற்கென்றே பாதை பிரித்து வைப்பது அங்கே வழக்கம். மார்பளவு தண்ணீரில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் கைகளை வீசி வரிசையாகப் போவார்கள். மூட்டுக்கு இதைவிட இதமான பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. நீச்சல் தொப்பி கட்டாயம். மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். இடையில் விசில் அடித்து எல்லோரையும் கரையேற்றிச் சிறிது நேரம் உட்கார வைப்பதும் உண்டு, தவறு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதானால் உள்ளே மட்டும் போடும் ஷூ தனியாக வேண்டும். இயந்திரத்தை விட்டு எழுந்ததும் துணியால் துடைத்துவிட்டு நகருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு நிஷி கசாய் வழியாகப் போகும் தோசாய் ரயிலிலேயே தகேபாஷி நிலையத்தில் இறங்குங்கள், மாற வேண்டியதே இல்லை. மேலே ஏறினால் ஜப்பான் பேரரசரின் அரண்மனை அகழி. அதைச் சுற்றி 5 கிலோமீட்டர், ஒரு சிக்னல்கூடக் குறுக்கிடாது. ஓடுபவர்கள் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போவார்கள். தெப்பக்குளத்தை வலம் வந்து பழகியவருக்கு முதலில் ஒரு மாதிரி இருக்கும், ஆனால் அவர்கள் போகும் பக்கமே போங்கள். தகேபாஷியிலிருந்து ஹன்சோமோன் வாசல் வரை ஏற்றம், அங்கே மெதுவாக. பிறகு சகுராதாமோன் வரை இறக்கம், இடது பக்கம் அகழி அகலமாகத் திறந்துகொள்ளும். நடைபாதையில் 100 மீட்டருக்கு ஒன்றாக, ஒவ்வொரு மாகாணத்தின் பூவும் பொறித்த தகடு பதித்திருப்பார்கள். எவ்வளவு நடந்தோம் என்று எண்ண அதுவே போதும்.

பெரிய மழையென்றால் அதே ரயிலில் ஓதேமாச்சியில் இறங்கலாம். அங்கிருந்து டோக்கியோ நிலையம் வழியாகக் கின்சா வரை தரைக்கடியிலேயே நடந்து போகலாம்.

சில எச்சரிக்கைகள், இவற்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை விட்டதும் ஜூலை கடைசியில் வரும் வெயில் மதுரை வெயில் இல்லை. காற்றில் ஈரம் நிற்பதால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. எட்டு மணிக்குமேல் வெளியே நடக்க வேண்டாம். தாகத்துக்குத் தெருவோர இயந்திரங்களில் ‘முகிச்சா’ என்ற வாற்கோதுமைத் தேநீர் கிடைக்கும், சர்க்கரை இல்லாதது. பக்கத்திலேயே இருக்கும் விளையாட்டுப் பானங்களில் சர்க்கரை உண்டு. மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம், அதற்காகச் சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். வெறும் வயிற்றில் நீண்ட நடை போகலாமா என்பதை உங்கள் டாக்டரிடம் போனில் கேட்டுவிடுங்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதுகூடச் சர்க்கரையை இறக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதை விடாதீர்கள். இன்னொன்று, பாஸ்போர்ட். குறுகிய காலத்துக்கு வந்தவர்கள் எப்போதும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வழி தவறினால் தெருமுனையில் இருக்கும் ‘கோபன்’ என்ற சின்னப் போலீஸ் சாவடிக்குப் போய் வீட்டு முகவரி எழுதிய சீட்டைக் காட்டுங்கள். மகளிடம் அதை ஜப்பானிய எழுத்தில் இன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூச்சம் முதல் நாள் இருக்கத்தான் செய்யும். நிஷி கசாய் இந்தியர்களைப் பல வருடங்களாகப் பார்த்துப் பழகிய இடம். பிள்ளைகளைப் பார்க்க வந்த இன்னொரு தமிழ்ப் பெரியவர் இரண்டு தெரு தள்ளி இதே யோசனையில் உட்கார்ந்திருக்கவும் கூடும். கண்ணில் பட்டால் அவரையும் ஆறரைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

ஆகஸ்ட்டில் ஊருக்குப் போய் ரத்தப் பரிசோதனை எடுத்ததும் எழுதுங்கள்.

அன்புடன்